உமி போன வழி

வேலை செய்கிற எதுவும் தின்னாமல் இருக்காது. எருது வைக்கோல் தின்னும். உழவு மெசின் டீசல் குடிக்கும். நான் வேலை செய்யாத நாளிலும் மூன்று நேரம் தின்கிறேன். அப்படியிருக்க, வண்டிச் சக்கரம் போல ஒரு சில்லு விடியத் தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் சுத்தி, தன்னோடு ஒரு பாறாங்கல்லையும் சுத்தி, மூட்டை மூட்டையாக அரிசியை மாவாக்கித் தருகிறதென்றால், அது எதையோ தின்கிறது. பக்கத்தில் வைக்கோல் இல்லை. டீசல் நாற்றமும் இல்லை. இருந்தது எங்கள் வாய்க்கால் தண்ணி மட்டும்தான். ஆகவே சில்லு எங்கள் தண்ணியைக் குடிக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாய் வெற்றிலை சப்புகிற நேரம்தான் பிடித்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இதைவிட வேகமாக ஒரு முடிவுக்கு வர முடியாது.

அது சண்டை முடிந்த வருசம். எங்கள் பக்கம் இரண்டு வருசத்துக்கு முந்தியே முடிந்துவிட்டது என்று சொல்லித்தான் முகாமிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். நான் நம்பவில்லை. ஒரு வருசம் உடுப்புப் பையை அவிழ்க்காமலே வைத்திருந்தேன். அதன் பிறகுதான் கிரானுக்கு மேற்கே, ஈச்சையடி வட்டை வயல்வெளியில் கிடந்த என் மூன்று ஏக்கரில் சிறுபோகம் விதைத்தேன்.

மாரிப் போகம் மழையோடு போய்விடும். சிறுபோகம் அப்படியல்ல. குளத்தில் கிடக்கிற தண்ணியை முறை வைத்து வட்டை முழுக்கப் பங்கிட்டுக் குடிக்கவேண்டும். குளத்து மதகை நாங்கள் துருசு என்போம். நாலு நாள் அது திறந்திருக்கும், ஆறு நாள் மூடியிருக்கும். திறந்து மூடி, யாருக்கு எப்போது என்று சொல்லுகிறவன் வட்டவிதானை. அந்த வேலைக்கு என்னைத் தெரிந்தெடுப்பார்கள் என்று இரண்டு தரம் கூட்டத்துக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். இரண்டு தரமும் யோகராசாவைத் தெரிந்தெடுத்தார்கள். வினாயகமூர்த்தி என்று என் பேரைச் சொல்ல ஒருவன் கை உயர்த்தினான் என்று நினைத்தேன். அவன் காதில் இரைந்த நுளம்பை அடித்தான்.

துருசுக்குக் கொஞ்சம் கீழே வாய்க்கால் ஒரு ஆள் உயரத்துக்குச் சட்டென்று இறங்கும். அந்த இடத்தில்தான் ஓட்டமாவடி அப்துல் மஜீத் சில்லு வைத்தான். முன்பு டீசலில் ஓடுகிற ஆலை வைத்திருந்தவன். சண்டைக் காலத்தில் டீசல் வருவது நின்றுபோய் ஆலை துருப்பிடித்தது. பழைய லொறியின் அச்சு, வெட்டிய எண்ணெய்ப் பீப்பாய்கள், இரும்புச் சட்டம் என்று கண்டதையெல்லாம் சேர்த்துப் பொருத்தி, பதினாறு வாளி வைத்த ஒரு பெரிய சில்லைச் செய்தான். மேலேயிருந்து தண்ணி வாளிகளில் விழும். நிரம்பிய வாளிகளின் பாரத்தில் அந்தப் பக்கம் கீழே போகும். கீழே போன வாளி கவிழ்ந்து தண்ணியைத் திரும்ப வாய்க்காலிலேயே ஊற்றிவிட்டு, வெறுமையாக மறுபக்கத்தால் மேலே ஏறும். அச்சில் மாட்டிய வார் கல்லைச் சுத்தும். காலையில் நெல்லுக் குத்துவான், பின்னேரம் மா அரைப்பான். தண்ணி வருகிற நாலு நாளும் வட்டையிலுள்ள பெண்கள் வரிசையில் நிற்பார்கள்.

என்னைத் தூரத்தில் கண்டாலே மஜீத் வாங்க போடியார் என்பான். நூறு ஏக்கர் வைத்து ஆட்களை வேலைவாங்குகிறவனைத்தான் போடியார் என்கிறது. மூன்று ஏக்கர்க்காரனைப் போடியார் என்று கூப்பிடுகிறவன் அவனிடமிருந்து எதையோ எடுக்கப் போகிறான். அதுவே எனக்கு முதல் சாட்சி.

வாய்க்காலின் கடைசியில், என் வயலுக்குக் கீழே, இரண்டு ஏக்கர் வதனிக்குச் சொந்தம். வதனி என் தங்கச்சி ஆச்சிப்பிள்ளையின் மகள். எங்கள் பக்கம் நிலம் தாயிடமிருந்து பெண்பிள்ளைக்குப் போகும். தங்கச்சி செத்த பிறகு அது அவளுக்கு வந்தது. கல்குடாவில் திவாகரனுக்குக் கட்டிக்கொடுத்தோம். தோணியும் வலையுமாக நல்லாகத்தான் இருந்தார்கள். சுனாமி அன்று காலையில் ஒருவன் சைக்கிளில் வந்து, கடல் ஊருக்குள்ள வந்திட்டு என்று கத்தினான். விடிய முந்தியே குடித்திருக்கிறான் என்று அவனைத் துரத்தியவன் நான். பின்னேரம் வதனி ஒற்றைச் செருப்போடு, மகள் ஆர்த்திகாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றபோதுதான் நம்பினேன். திவாகரன் வரவில்லை.

அதற்கு மறுகா முகாம், மறுகா சண்டை, மறுகா இன்னொரு முகாம். அந்தச் சிறுபோகம்தான் வதனி தன் கையால் விதைத்த முதல் வேளாண்மை. விதைநெல்லுக்குக் காதில் கிடந்ததைக் கொடுத்தாள். அது விளைந்தால் அவளும் பிள்ளையும் ஊரோடு இருப்பார்கள். விளையாவிட்டால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று ஒரு ஏஜென்சியில் பேர் கொடுத்து வைத்திருந்தாள். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறதாம். ஒரு தாய் தன் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போக நினைக்கிறாள் என்றால் அவளுக்கு வேறு வழியே இல்லை என்றுதானே அர்த்தம்.

ஆடி மாதம் பிறக்கக் கச்சான் காற்று பிடித்தது. ஈரச் சாறனைக் கொடியில் போட்டால், திரும்பிப் பார்க்கக் காய்ந்திருக்கும். வேளாண்மை குடலையில் நின்றது. கதிர் உள்ளே இருந்து வெளியே வரப்போகிற அந்த நேரத்தில் தண்ணி இல்லாவிட்டால் கதிர் வரும், நெல்லு வராது. குளத்தில் இன்னும் ஒரு முறைக்குத்தான் தண்ணி கிடக்கிறது என்று யோகராசா சொன்னான். நாலு நாள். அதற்குப் பிறகு மாடுகளுக்கும் கிணற்று ஊற்றுக்கும் மிச்சம் விடவேண்டும்.

வதனியின் வயலுக்கு முந்திய முறையிலேயே தண்ணி சரியாகப் போகவில்லை. நிலம் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது. மேல் வயல் நிரம்பி, வாய்க்காலிலிருந்து தண்ணி நுழைகிற வக்கடையை மண் போட்டு மூடினால்தான் கீழ் வயலுக்குப் போகும். அது ஒழுங்கு. மேல் வயல் என்னுடையது. நான் ஏன் மூடவில்லை என்றால், எனக்கே நிரம்பவில்லை. வக்கடையை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டிப் பார்த்தேன். அப்படியும் கணுக்கால் அளவுக்கு ஏறவில்லை. சேறு மட்டும் நனைந்து கிடந்தது. வயலில் தண்ணி பளபளவென்று நிற்கிறதைக் கண்டால்தான் எனக்கு நித்திரை வரும். எனக்கு நிரம்பவில்லை, அவளுக்குப் போகவேயில்லை. அப்படியென்றால் மேலே யாரோ குடிக்கிறான்.

சந்தேகத்தை நான் சும்மா விடுகிற ஆளில்லை, அளந்தேன். துருசடியில் நீர்ப்பாசனக் கந்தோர்க்காரர் அடிக்கணக்கு எழுதிய கல் ஒன்று நட்டிருக்கிறது. அந்த இலக்கத்தை யார் எழுதினார்கள், எவன் அழித்து எழுதினான் என்று எனக்கென்ன தெரியும். எனக்கு என் கால் இருக்கிறது. தொண்ணூறாம் ஆண்டு ஷெல் துண்டு கீறிய தழும்பு முழங்காலுக்கு நாலு விரல் கீழே கிடக்கிறது. சில்லுக்கு மேலே வாய்க்காலில் இறங்கினேன். தண்ணி தழும்பை மூடியது. சில்லுக்குக் கீழே இறங்கினேன். தண்ணி தழும்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வட்டை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சிலர் தலையாட்டினார்கள். அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்கள் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். சொல்ல வெட்கம்தான். என் வயலின் கீழ்ப் பக்கம் ஒரு வில்லு இருக்கிறது. மாரிக்கு நிரம்பி, கோடையில் வற்றி, புல்லும் சேறுமாகக் கிடக்கிற பள்ளம். அதில் மிஞ்சுகிறது கடலோடு சேர்கிற வாவிக்குப் போய்விடும். அந்த வருசம் ஆடியிலும் வில்லு வற்றவில்லை. தாமரை பூத்தது. கொக்கு நின்றது. யோகராசாவின் எருமைகள் கழுத்து மட்டும் அமிழ்ந்து கிடந்தன. கண்ணகை அம்மன் கோயில் குளுத்திச் சடங்குக்கு ஊர் கூடியபோது, சண்டையால் செத்த ஊருக்கு அம்மன் கண் திறந்திருக்கிறாள், கச்சானிலும் வில்லு நிறைந்து நிற்கிறதைப் போய்ப் பாருங்கள் என்று சத்தமாகச் சொன்னவன் நான்தான். இரண்டு கிழவிகள் அழுதார்கள்.

கடைசி முறையின் இரண்டாம் நாள் பின்னேரம், நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு ஆலையடிக்குப் போனேன். சில்லைக் கழற்று என்றேன். மஜீத் மாப் படிந்த கையோடு வெளியே வந்தான். கோபப்படுவான் என்று பார்த்தேன். அவன் நான் உட்காரக் கதிரை ஒன்றை எடுத்துப் போட்டான். நான் இருக்கவில்லை. இருந்தால் பாதிக் கோபம் போய்விடும்.

"போடியார், அது தண்ணியக் குடிக்கல்ல. மேல இருந்து கீழ விழுகுதே, அந்த விழுகிற பாரத்தத்தான் எடுக்குது. தண்ணி வந்த மாதிரியே போகுது."

விழுகிறதை ஒருவன் எப்படித் தின்கிறது என்று கேட்டேன். நானும் வாழ்க்கையில் எத்தனையோ தரம் விழுந்திருக்கிறேன், யாரும் அதில் மா அரைக்கவில்லை. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். மஜீத்தும் சிரித்தான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் வதனி வந்தாள். வயலிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். காலெல்லாம் புழுதி. தண்ணி வரவேண்டிய நாளில் அவள் காலில் சேறு இல்லை, புழுதி. நான் எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து சொன்னேன், அவளுக்காகத்தான் சண்டை பிடிக்கிறேன் என்பதையும் சேர்த்து.

"மாமா, நீங்க சொல்லுறதையும் நான் நம்பல்ல, மஜீத் நானா சொல்லுறதையும் நம்பல்ல. எனக்கு ரெண்டு நாள்தான் இரிக்கு. நாளைக்குச் சில்லக் கட்டிப்போட்டுட்டுத் தண்ணியப் பாப்பம்."

என் சந்தேகக் குணம் எங்கள் குடும்பத்தில் அவளுக்கு மட்டும்தான் போயிருக்கிறது. ஆனால் அவளிடம் அது ஒழுங்காக வேலை செய்கிறது.

மூன்றாம் நாள் காலையில் யோகராசாவும் வந்தான். சில்லுக்குக் கீழே, வாய்க்காலைக் கடக்கப் போட்ட மரப்பாலத்தின் காலில், தண்ணி தொடுகிற இடத்தில் வதனி ஒரு ஆணி அடித்தாள். மஜீத் சில்லைக் கயிற்றால் இறுக்கி, வாளிகளில் விழாமல் பலகை வைத்துத் தண்ணியை நேரே கீழே விழவிட்டான். முதலில் கொஞ்சம் கலங்கி ஏறி இறங்கியது. மறுகா பார்த்தோம். ஆணியில் தண்ணி நின்றது. ஒரு நூல் ஏறவில்லை, ஒரு நூல் இறங்கவில்லை.

இவ்வளவு காலம் குடித்த சில்லு, வாய்க்கால் பழைய நிலைக்கு வர நேரம் எடுக்கும் என்றேன். இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தோம். ஆணி அப்படியே. சாறனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நானே இறங்கினேன். தண்ணி தழும்புக்கு ஒரு சாண் கீழே. சில்லு கட்டிக் கிடந்தும் ஒரு சாண் கீழே. தழும்பு இடம் மாறியிருக்குமோ என்று ஒரு கணம் குனிந்து பார்த்தேன்.

மஜீத் மெதுவாகச் சொன்னான். மேலே வாய்க்கால் இரண்டு முழம் அகலம், கீழே நாலு முழம். "மடிச்ச சாறன் தடிப்பாக் கிடக்கும், விரிச்சா மெல்லிசு. அதே சாறன்தானே போடியார்?"

எல்லாரும் என் சாறனைப் பார்த்தார்கள். இறக்கிக் கட்டினேன்.

வதனி அங்கே நிற்கவில்லை. தண்ணி இங்கே குறையவில்லையென்றால் வேறு எங்கோ குறைகிறது. அதுவரைக்கும்தான் அவளுக்கு அந்தக் கதை வேண்டியிருந்தது. ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடந்த உமியைச் சாக்கில் அள்ளினாள். ஒரு கை எடுத்து வாய்க்காலில் வீசினாள். உமி மிதந்து மஞ்சள் பாய் போலப் போனது. அதன் பின்னால் அவளும் நடந்தாள். சாக்கை மஜீத் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். யோகராசா மண்வெட்டியோடு. நான் கடைசியில்.

வழியில் ஒவ்வொரு வக்கடையாகப் பார்த்தோம். கள்ளன் எவன் என்று நான் ஒவ்வொரு வயலையும் உறுத்துப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இவன் குடிகாரன், அவன் தகப்பனே எல்லைக்கல்லு நகர்த்தியவன் என்று மனதுக்குள் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். எல்லா வக்கடையும் மூடியிருந்தது. முறை முடிந்தவன் முறையாக மூடியிருந்தான். உமி மெலிந்து போகும் இடத்தில் வதனி இன்னும் ஒரு கை வீசுவாள். அது நெளிந்து நெளிந்து போய்க்கொண்டிருந்தது.

மறுகா ஒரு வக்கடையில் எல்லா உமியும் ஒரே முட்டாகத் திரும்பி உள்ளே போனது. மாடு பட்டிக்குள் போகிற மாதிரி. வாய்க்காலில் கீழே போனது பத்துப் பதினைந்து உமி இருக்கும்.

நல்ல அகலமான வக்கடை. பார்த்துப் பார்த்து வெட்டியிருந்தேன்.

"அண்ணே, இது ஆர்ர வயல்?" என்று யோகராசா கேட்டான். அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

என் வயலுக்குத்தானே தண்ணி வரவேண்டும், என் முறைதானே, இன்னும் நிரம்பவில்லையே என்றேன். வதனி என் வயலுக்குள்ளே போன உமியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். வயலுக்குள்ளே வந்த தண்ணி நிற்கவேண்டும். உமி பரவி அங்கங்கே ஒதுங்க வேண்டும். இது ஒதுங்கவில்லை. வேளாண்மைக்கு நடுவே ஒரு வழி பிடித்து, அவசர வேலை இருக்கிறவன் போல, கீழ்மூலைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வதனி வரம்பில் கீழ்மூலைப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். நான் நில்லு என்று கத்தினேன்.

அந்தக் கீழ் வரம்புக்கு நான் திரும்பி வந்த நாளிலிருந்து போனதில்லை. சண்டைக் காலத்தில் அந்த மூலையில் ஒரு காவலரண் இருந்தது. சுற்றி மிதிவெடி புதைத்திருக்கிறது என்று சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். வெடி எடுக்கிறவர்கள் மூன்று மாதம் முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து தேடினார்கள், எடுத்தார்கள், பலகையையும் கழற்றிக்கொண்டு, இனிப் பயமில்லை என்று ஒரு கடதாசியில் என் கைநாட்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள். பலகையைக் கழற்றுவது சுகம், வெடியைக் கழற்றுவது கஷ்டம். சுகமான வேலையை மட்டும் செய்துவிட்டுப் போயிருப்பார்கள் என்பது என் எண்ணம். கடதாசியில் எனக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். நல்ல மொத்தக் கடதாசி. அதில் புகையிலை சுத்தி வைத்திருந்தேன்.

ஆகவே விதைத்த நாளிலிருந்து மேல் வரம்பில் நின்றுதான் வேளாண்மை பார்த்தேன். உழுதவனுக்கும் விதைத்தவனுக்கும் அங்கே வெடி இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார்கள்.

வதனி திரும்பிப் பார்த்தாள்.

"வெடி எடுத்திட்டாங்க மாமா. அவங்கட கடதாசில நீங்கதானே கைநாட்டு வெச்சீங்க."

"நான் வெச்சா? நான் எத்தனைக்கு வெச்சிரிக்கன். நில்லு புள்ள, சொல்லுறன்."

"எண்ட வேளாண்மை போனா நான் குவைத்துக்குப் போற. அங்க என்ன வெடிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியுமா? இது ஒரு வரம்பு. உமியே போயிட்டு."

சொல்லிவிட்டுப் போனாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. அறுபத்தெட்டு வயது ஆண்பிள்ளை நான். ஒரு நிமிசம் அப்படியே நின்றேன். மஜீத் பிஸ்மில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு சாக்கோடு அவளுக்குப் பின்னால் போனான். யோகராசா போனான். அதன் பிறகு நான் போனேன். ஈர மண்ணில் வதனியின் காலடி பதிந்திருந்த இடத்திலேயே என் காலை ஒவ்வொன்றாக வைத்து வைத்துப் போனேன். என் கால் அவளுடையதைவிடப் பெரிது. விரல் வெளியே தள்ளிக்கொண்டு நின்ற ஒவ்வொரு தடவையும் விரலுக்காகப் பயந்தேன்.

கீழ் வரம்பு இல்லை. இருக்கவேண்டிய இடத்தில் புல்லு மண்டிக் கிடந்தது. விலக்கினால், ஒரு கன்றுக்குட்டி படுக்கிற அளவு உடைப்பு. அதன் இரண்டு பக்கமும் நண்டு வளை, எலி வளை. அதற்குள்ளால் தண்ணி தெளிந்து, சத்தமில்லாமல், உமியையும் சுமந்துகொண்டு வில்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. தாமரை இலைகளைச் சுற்றி மஞ்சளாக உமி கட்டியிருந்தது. எருமைகள் எங்களைப் பார்த்தன. ஒன்றின் மூக்கில் உமி.

யோகராசா கொஞ்ச நேரம் வில்லைப் பார்த்தான்.

"கண்ணகை அம்மன்ட அருள், என்னண்ணே?"

குடித்தது சில்லு இல்லை. யோகராசாவின் எருமை குளிக்க, கொக்கு மீன் பிடிக்க, மிச்சம் வாவிக்குப் போக, வட்டையின் கடைசித் தண்ணியை நாள் முழுக்க ஊற்றிக் கொடுத்தவன் நான். சில்லு ஒரு பக்கத்தால் வாங்கி மறுபக்கத்தால் அப்படியே திருப்பிக் கொடுத்தது. அந்தளவு நேர்மை எனக்கு இருக்கவில்லை. சில்லாவது மா அரைத்தது. நான் அதுவும் செய்யவில்லை.

வதனி அழுவாள், ஏசுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவள் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு உடைப்புக்குள் இறங்கினாள்.

பழைய காவலரணில் உக்கிப்போன மண்மூட்டைகள் இன்னும் கிடந்தன. தொட்டால் சாக்குக் கிழியும். அதனால் மண்ணை அள்ளிப் புதுச் சாக்கில் போட்டோம். சாக்கு என்றால் உமி கொண்டுவந்த சாக்கும், மஜீத் ஆலைக்கு ஓடிப்போய்க் கொண்டுவந்த நாலு மாச் சாக்கும்தான். கம்பு வெட்டி அடித்து, மூட்டையை அடுக்கி, இடையில் வைக்கோலும் களிமண்ணும் மிதித்து ஏற்றினோம். கழற்றச் சொல்லி நான் போன ஆலையின் சாக்கால் என் வரம்பை மஜீத் கட்டிக்கொண்டிருந்தான். வெடிக்கு நான் பயந்த மண்ணில் இடுப்பளவு இறங்கிக் களி தோண்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அது பிறகுதான் ஞாபகம் வந்தது. வந்தவுடன் வரம்பில் ஏறிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மூன்று மணிக்கு வில்லுக்குப் போகிற தண்ணி நின்றது.

துருசு மூட இன்னும் ஒரு நாள் இருந்தது. என் வயல் வெறும் சேறு. இப்போது உடைப்பு அடைத்தாயிற்று, விட்டால் ஒரு பகலில் என் வயல் பளபளவென்று நிரம்பிவிடும். என் முறையும் இன்னும் முடியவில்லை. வதனி மேலே வந்து, கையைக் கழுவிக்கொண்டு, வாய்க்காலைப் பார்த்தபடி நின்றாள். தா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

மனம் வந்து என் வக்கடையை மூடினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், யோகராசா மண்வெட்டியோடு வக்கடையடியில் போய் நின்றான். மண்வெட்டியை என் பக்கம் நீட்டினான். வாங்கி மூடினேன். அரைவாசியாக மூடிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். மிச்சத்தையும் மூடினேன்.

தண்ணி அவள் வயலின் வெடிப்புகளுக்குள் இறங்குகிறபோது ஒரு சத்தம் வந்தது. சூடான தாச்சியில் தண்ணி தெளித்தால் வருமே, அதைவிட மெதுவாக. முதல் மூன்று மணித்தியாலம் மேலே ஒன்றுமே தெரியவில்லை. எல்லாம் உள்ளே போனது. நாலாம் நாள் காலையில் வயலின் அரைவாசி நனைந்திருந்தது. பின்னேரம் யோகராசா துருசை மூடப் போனான். இன்னும் ஒரு மணித்தியாலம் விடச்சொல்லி நானே அவனிடம் போய்க் கேட்டேன். முடியாது, குளத்தில் மாட்டுக்கு வைத்த தண்ணியில் கை வைக்க மாட்டேன் என்றான். அன்றைக்குத்தான் அவனைத் தெரிந்தெடுத்தவர்கள் முழு மடையர்கள் இல்லை என்று நினைத்தேன். அவனிடம் சொல்லவில்லை.

கடைசி மூலைக்குத் தண்ணி எட்டவில்லை. ஆறில் ஒரு பங்கு இருக்கும். அந்த மூலை வெண்கதிராக நிமிர்ந்து நின்றது. நெல்லு இருக்கிற கதிர் குனியும். இது நான் வேட்டி கட்டிக்கொண்டு கூட்டத்தில் நின்ற மாதிரி நின்றது. மிச்சமெல்லாம் குனிந்தது. வெட்டிச் சூடடித்த பிறகு வதனி ஏஜென்சிக்குப் போய்ப் பேரை வெட்டிவிட்டு வந்தாள். என்னிடம் சொல்லவில்லை. ஆர்த்திகா சொன்னாள். அந்த மூலையை மாடு மேயவிட்டாள். எவ்வளவு தண்ணி வில்லுக்குப் போனது, எவ்வளவு நெல்லு அந்த மூலையில் போனது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நான் ஒவ்வொரு நாளும் அந்த மூலையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரவேண்டும். கேட்காமல் விட்டது தண்டனையா, மன்னிப்பா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நோன்பு வருகிறது, மா அரைக்க ஒரு நாளைக்குத் துருசைத் திறந்துவிட ஏலுமா என்று மஜீத் ஊருக்குள் கேட்டுப் பார்த்தான். வட்டையில் யாரும் வாய் திறக்க முந்தி வதனிதான் பதில் சொன்னாள். சில்லு தண்ணியைக் குடிக்கவில்லை என்பது உண்மை, ஆனால் சில்லுக்காகத் திறந்தால் அந்தத் தண்ணி வாவிக்குத்தான் போகும், வயலுக்குத் திறக்கிற நாளில் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள் நானா என்றாள். மஜீத் தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொண்டான். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அவள் பிழை பிடித்தது என்னிடம் மட்டுமில்லை.

அடுத்த சிறுபோகத்துக்கு விதைக்க முந்தி அவள் என் வாசலில் வந்து நின்றாள். இனி என் வக்கடையைத் திறக்கிறதும் மூடுகிறதும் தான்தான் என்றாள். இரண்டு கால் அகலத்துக்கு மேல் வெட்டக்கூடாது. கீழ் வரம்பில் வாரத்துக்கு ஒரு தரம் நான் நடந்து காட்டவேண்டும். தண்ணி பளபளவென்று நிற்கத் தேவையில்லை, சேறு காயாமல் இருந்தால் போதும். போன போகம் நான் ஒரு நாள்கூடப் பளபளப்புப் பார்க்கவில்லை, ஆனாலும் என் விளைச்சல் குறையவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். அது விதைநெல்லின் குணம் என்று ஊருக்குள் சொல்லி வைத்திருந்தேன். அதையும் கேட்டிருக்கிறாள்.

நான் என்ன செய்ய. என் தகப்பன் காலத்து வயலுக்குத் தண்ணி வேண்டுமென்றால் நான் இப்போது மருமகளிடம் போய்க் கேட்கிறேன். அவள் வந்து திறப்பாள். நான் வரம்பில் குந்தியிருப்பேன். தண்ணி உள்ளே வந்து வேர் நனைந்து, எனக்கு அப்போதுதான் சந்தோஷம் தொடங்குகிற நேரத்தில், மண்வெட்டியால் இரண்டு கொத்துப் போட்டு மூடிவிடுவாள்.

"காணும் மாமா."

காணாது, இன்னும் வேணும் என்றுதான் ஒவ்வொரு தரமும் வாய் வரைக்கும் வருகிறது. கீழே அவள் வயலுக்குத் தண்ணி போகிற சத்தம் கேட்கும். பொத்திக்கொண்டு இருப்பேன்.